துறைமுகம்: 890 வாக்குகளில் கரையேறிய தொகுதி

துறைமுகம் என்றாலே பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சென்னைத் துறைமுகத்தின் வழக்கம் வேறு. வங்கக் கடலில் புயல் வலுத்து எச்சரிக்கைக் கூண்டின் எண் ஏறிக்கொண்டே போனால், உள்ளே நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்குப் போய்விடச் சொல்வார்கள். இயற்கையான வளைகுடா எதுவும் இல்லாத திறந்த கரையில் கல்லைக் கொட்டி மனிதர்கள் கட்டிய துறைமுகம் அது. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1881-ல் வந்த புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது.

அதன் பெயரைத் தாங்கி நிற்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் ஏறக்குறைய அதே குணம்தான். "பாதுகாப்பான தொகுதி" என்று நம்பிப் பெரிய தலைவர்கள் இங்கே ஒதுங்கினார்கள். யாரையும் அது மூழ்கடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் கரைசேர்வதற்குள் மூச்சு வாங்க வைத்தது. ஒருமுறை 890 வாக்குகள். இன்னொருமுறை 410 வாக்குகள். மாநிலத்தை ஆண்டவர்களின் வெற்றி தோல்வியை ஒரே ஒரு தெருவின் வாக்குகள் தீர்மானித்த கதை இது.

கோட்டையும் கடைத்தெருவும்

சென்னை பிறந்து வளர்ந்த இடம் இதுதான். புனித ஜார்ஜ் கோட்டை, உயர் நீதிமன்றம், பாரிமுனை, மண்ணடி, முத்தியால்பேட்டை, ஏழுகிணறு, சௌகார்பேட்டை என்று பெயர்களைச் சொன்னாலே பழைய சென்னையின் வரைபடம் கண்முன் வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் காலத்தில் "கறுப்பர் நகரம்" என்று அழைக்கப்பட்ட பகுதி இது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி "ஜார்ஜ் டவுன்" ஆயிற்று.

இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. துணி வேண்டுமா, கோடவுன் தெரு. காகிதம், கல்யாணப் பத்திரிகை வேண்டுமா, ஆண்டர்சன் தெரு. ரசாயனப் பொருட்களுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. தெருவுக்குத் தெரு மொழியும் மாறும். தமிழ், தெலுங்கு, உருது, குஜராத்தி, மார்வாடி, இந்தி எல்லாம் அரை மணி நேர நடையில் காதில் விழும். காளிகாம்பாள் கோயிலும் மசூதிகளும் ஆர்மீனியர் தேவாலயமும் சமணக் கோயில்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேறொரு தொகுதியைத் தமிழ்நாட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சட்டமன்றம் கூடுவது புனித ஜார்ஜ் கோட்டைக்குள். அந்தக் கோட்டை இருப்பது இந்தத் தொகுதிக்குள். மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் தொகுதியை விட்டு சட்டமன்றத்துக்கு வர வேண்டும். துறைமுகம் உறுப்பினர் மட்டும் தொகுதியிலிருந்தபடியே தொகுதியைப் பற்றிப் பேசலாம்!

காங்கிரசும் லீக்கும்

விடுதலைக்குப் பிந்தைய முதல் தேர்தல்களில் இது காங்கிரசின் தொகுதி. அக்கட்சியின் சார்பில் வென்றவர் டாக்டர் யு. கிருஷ்ணா ராவ். 1957 முதல் 1961 வரை சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்தவரும் அவரே. 1962-ல் காங்கிரசின் கே.எஸ்.ஜி. ஹாஜா ஷெரீப் வெற்றி பெற்றார். துறைமுகத் தொழிலும் தோல், துணி வணிகமும் செய்த இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி என்பதால், யார் நிறுத்தினாலும் அந்தச் சமூகத்தின் ஆதரவு முக்கியமாக இருந்தது.

1967-ல் தமிழ்நாட்டில் காற்று திசை மாறியது. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ஆனால் துறைமுகத்தில் வென்றவர் தி.மு.க. வேட்பாளர் அல்லர். கூட்டணியில் இருந்த முஸ்லிம் லீக்கின் ஹபிபுல்லா பேக் வென்றார். 1971-லும் லீக்கைச் சேர்ந்த திருப்பூர் மொய்தீன் வென்றார். அந்தக் காலத்தில் லீக் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே கணக்கில் காட்டப்பட்டதால், பழைய தேர்தல் பட்டியல்களைப் பார்ப்பவர்கள் "இங்கே இரண்டு முறை சுயேச்சை வென்றிருக்கிறதே" என்று ஏமாந்துபோவது உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1949 செப்டம்பரில் பெரியாரிடமிருந்து பிரிந்த அண்ணாவும் அவரது தோழர்களும் கூடிப் பேசி தி.மு.க.வைத் தொடங்குவது என்று முடிவெடுத்தது ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் உள்ள ஒரு வீட்டில். கட்சி பிறந்த இடம் இதே வட்டாரம். ஆனால் அந்தக் கட்சி தன் பெயரில், தன் சின்னத்தில் துறைமுகத்தை வெல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்த வீட்டின் சாவி கைக்கு வர 28 ஆண்டுகள்!

செல்வராசன் காலம்

1977 தி.மு.க.வுக்குக் கெட்ட ஆண்டு. எம்.ஜி.ஆர். முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தார். மாநிலம் முழுவதும் சரிந்த தி.மு.க.வுக்குக் கைகொடுத்தது சென்னைதான். துறைமுகத்தில் அக்கட்சியின் ஏ. செல்வராசன் வென்றார். 1980-லும் அவரே. 1984-ல், இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டு, எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபோது நடந்த அனுதாபத் தேர்தலிலும் அவரே. எம்.ஜி.ஆர். என்ற பேரலை மூன்று முறை அடித்தும் இந்தச் சுவர் அசையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வளவு உறுதியான இடம் கட்சித் தலைமையின் கண்ணில் படாமல் இருக்குமா? 1989-ல் மு. கருணாநிதி இங்கே போட்டியிட்டார். எம்.ஜி.ஆர். மறைந்து, அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என இரண்டாகப் பிளந்திருந்த நேரம். காங்கிரஸ் தனியாக நின்றது. எதிர்ப்பு வாக்குகள் சிதறின. கருணாநிதி 31,991 வாக்கு வித்தியாசத்தில், முஸ்லிம் லீக்கின் கே.ஏ. வகாபைத் தோற்கடித்தார். ஒரு காலத்தில் தோழமைக் கட்சியாக இருந்து இத்தொகுதியில் வென்ற லீக், இப்போது இரண்டாம் இடத்தில்.

1989 ஜனவரி 27 அன்று கருணாநிதி முதலமைச்சராகப் பதவியேற்றார். கோட்டை இருக்கும் தொகுதியின் உறுப்பினரே கோட்டையை ஆளும் முதல்வர். துறைமுகம் இதைவிடப் பெரிய உயரத்தைப் பார்த்ததில்லை.

1991: புயல்

அந்த உயரம் இரண்டு ஆண்டுதான் நீடித்தது. 1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. தேர்தல் அறிவிக்கப்பட்டுப் பிரச்சாரம் முடியும் தறுவாயில், மே 21 இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. துக்கமும் கோபமும் சேர்ந்து எழுந்த அந்த அலையில் அ.தி.மு.க. 164 இடங்களையும் காங்கிரஸ் 60 இடங்களையும் அள்ளின.

தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். எழும்பூரில் பரிதி இளம்வழுதி. துறைமுகத்தில் கருணாநிதி.

எதிர்த்து நின்றவர் காங்கிரசின் கே. சுப்பு. வித்தியாசம் 890 வாக்குகள். இரண்டரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் 31,991 என்பது 890 ஆகச் சுருங்கியது. ஒவ்வொரு பூத்திலும் பத்துப் பேர் மனம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1957-ல் குளித்தலையில் தொடங்கி 2016-ல் திருவாரூர் வரை 13 சட்டமன்றத் தேர்தல்களில் நின்று ஒன்றில்கூடத் தோற்காதவர் என்ற பெயர் கருணாநிதிக்கு உண்டு. அந்தப் பதின்மூன்றில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தப்பியது இரண்டு முறைதான். 1980-ல் அண்ணா நகரில் 699. 1991-ல் துறைமுகத்தில் 890. அந்தப் பெருமையைக் காப்பாற்றியது சில தெருக்களின் வாக்குகள்தான்.

ஆனால் அந்த வாக்காளர்களுக்குக் கிடைத்தது என்ன? கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று கருணாநிதி தன் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். அரசியல் நாகரிகம் என்று பார்த்தால் அது பெரிய செயல். ஊரே எதிர்த்த நேரத்தில் வெயிலில் நின்று உதயசூரியனுக்குக் குத்தியவர் பக்கமிருந்து பார்த்தால்? அதே ஆண்டில் இடைத்தேர்தல் வந்தது. மறுபடியும் வரிசை, மறுபடியும் விரலில் மை. அவர்கள் மறுபடியும் தி.மு.க.வையே தேர்ந்தெடுத்தார்கள். பழைய செல்வராசனே திரும்பி வந்தார். ஆளுங்கட்சி அசுர பலத்தோடு இருந்த நேரத்தில் நடந்த இடைத்தேர்தல் அது. இந்த ஒன்றைப் பார்த்தாலே இத்தொகுதி மக்களின் பிடிவாதம் புரியும்.

410

1996-ல் கருணாநிதி சேப்பாக்கத்துக்குப் போய்விட்டார். துறைமுகத்துக்கு வந்தவர் கட்சியின் பொதுச்செயலாளர் பேராசிரியர் க. அன்பழகன். 1996, 2001, 2006 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். முதல்முறை கல்வி அமைச்சர், மூன்றாம் முறை நிதி அமைச்சர். மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தவர் துறைமுகத்தின் உறுப்பினர்.

அவருக்கும் இந்தத் தொகுதி வியர்வையை வரவழைக்காமல் விடவில்லை. 2006-ல் அ.தி.மு.க. கூட்டணியில் ம.தி.மு.க. சார்பில் நின்ற சீமா பஷீர் என்ற பெண் வேட்பாளர், அரை நூற்றாண்டு அரசியல் அனுபவம் கொண்ட அன்பழகனை 410 வாக்கு வித்தியாசம் வரை நெருங்கினார். அவர் வென்றிருந்தால் துறைமுகத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆகியிருப்பார். 2021 வரை அந்தப் பெருமை இத்தொகுதிக்கு வாய்க்கவில்லை.

ஏன் இவ்வளவு சிறிய வித்தியாசங்கள்? கட்சிகளின் செல்வாக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், தொகுதியே சிறுத்துக்கொண்டிருந்தது.

இரவில் காலியாகும் ஊர்

பகலில் ஜார்ஜ் டவுனில் கால் வைக்க இடம் கிடையாது. மீன்பாடி வண்டி, கைவண்டி, லாரி, தலைச்சுமை, நடைபாதைக் கடை என்று மூச்சு முட்டும். என்.எஸ்.சி. போஸ் சாலையின் நடைபாதைக் கடைகளைப் பற்றி எதிரே இருக்கும் உயர் நீதிமன்றமே பலமுறை உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் இரவு கடை சாத்தியதும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி மின்சார ரயிலில் ஏறி வேறு தொகுதிகளுக்குப் போய்விடுகிறது. பகலில் நெரிபவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இருப்பவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்தார்கள்.

வீடுகள் குடோன்களாயின. கீழ்த்தளம் கடை, மேல்தளம் சரக்கு என்றால் குடும்பம் எங்கே இருக்கும்? வசதி வந்தவர்கள் கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், வேப்பேரி என்று நகர்ந்தார்கள். கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் பிராட்வேயிலிருந்த வெளியூர்ப் பேருந்து நிலையமும் கோயம்பேட்டுக்கே போனது. துறைமுகத்தில் கண்டெய்னர்கள் வந்தபின் மூட்டை தூக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. 2011-ல் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வதை நீதிமன்றம் நிறுத்தியது. தூசி குறைந்ததில் மக்களுக்கு நிம்மதிதான். அந்தச் சரக்கை நம்பிய பிழைப்பும் அதோடு போனது.

இதற்கிடையே தொகுதி எல்லைகள் 1970-களில் வரைந்தபடியே உறைந்து கிடந்தன. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வகுத்த எல்லைகள் 2006 தேர்தல் வரை நீடித்தன. வில்லிவாக்கம், தாம்பரம் போன்ற புறநகர்த் தொகுதிகள் ஊதிப் பெருக, துறைமுகம் மட்டும் வற்றிக்கொண்டே வந்தது.

2008 மறுசீரமைப்பில் பூங்காநகர் தொகுதி மறைந்து, அதன் ஒரு பகுதி துறைமுகத்தோடு சேர்ந்தது. அப்படியும் போதவில்லை. 2021 தேர்தலுக்கு வெளியிட்ட வாக்காளர் பட்டியலில் துறைமுகத்தில் சுமார் 1.76 லட்சம் பேர். மாநிலத்திலேயே மிகச் சிறிய தொகுதி. மிகப் பெரியது சோழிங்கநல்லூர், சுமார் 6.94 லட்சம் பேர். இரண்டும் ஒரே வங்கக் கடலின் கரையில்தான் இருக்கின்றன. ஒரே மாநகரம், ஒரே சட்டமன்றம். ஆனால் சோழிங்கநல்லூரில் ஏறக்குறைய நான்கு பேர் சேர்ந்து தாங்கும் எடையை இங்கே ஒருவர் வாக்கு தாங்குகிறது.

மாறிய கப்பல்கள்

2011-ல் எல்லை மட்டும் மாறவில்லை, கட்சியும் மாறியது. அன்பழகன் வில்லிவாக்கத்துக்குப் போய் அங்கே தோற்றார். துறைமுகத்தில் அ.தி.மு.க.வின் பழ. கருப்பையா இருபதாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 34 ஆண்டுகளுக்குப் பிறகு தி.மு.க. அல்லாத ஒருவர். ஆனால் எழுத்தாளரான அவர் தன் கட்சி ஆட்சியைப் பற்றியே வெளிப்படையாகப் பேச, 2016 தொடக்கத்தில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். உறுப்பினர் பதவியையும் விட்டு விலகி, பின்னர் தி.மு.க.வில் சேர்ந்தார்.

2016-ல் தி.மு.க. சார்பில் வென்றவர் பி.கே. சேகர்பாபு. இவர் அதற்கு முன் அ.தி.மு.க. சார்பில் ஆர்.கே. நகரில் இருமுறை உறுப்பினராக இருந்து, 2011-ல் தி.மு.க.வுக்கு வந்தவர். அடுத்தடுத்து வந்த இரு உறுப்பினர்களும் ஒரே திசையில் கட்சி மாறியவர்கள்! 2021-ல் சேகர்பாபு மீண்டும் நின்றார். எதிரே அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் வினோஜ் செல்வம். சௌகார்பேட்டை வட்டாரத்து வட இந்திய வணிகர்களின் வாக்குகளை நம்பியே அந்தக் கட்சி இத்தொகுதியைக் கேட்டு வாங்கியது என்று பேசப்பட்டது. சேகர்பாபு 27,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்று, இந்து சமய அறநிலையத் துறை அமைச்சரானார். 890, 410 என்று இழுபறி காட்டிய ஊர், இம்முறை மூச்சு விட இடம் கொடுத்தது.

ஓட்டின் எடை

1957-ல் 21 வயதில் இங்கே முதல் ஓட்டைப் போட்ட ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். வேறெங்கும் குடிபோகாமல் அதே தெருவில் இருந்திருந்தால், 2021-ல் அவருக்கு 85 வயது. இடைத்தேர்தலையும் சேர்த்தால் 16 முறை ஓட்டுப் போட்டிருப்பார். வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்றிருந்த காலத்தில் சீட்டைப் பெட்டிக்குள் போட்டார். பிறகு முத்திரை குத்தினார். 2001-க்குப் பிறகு பொத்தானை அழுத்தினார். அவர் கையால் ஒரு சபாநாயகர், ஒரு முதலமைச்சர், ஒரு நிதி அமைச்சர், ஓர் அறநிலையத் துறை அமைச்சர் உருவானார்கள். ஒரு தலைவரின் தோல்வியறியாப் பெருமையைக் காப்பாற்றிய 890 பேரில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். இந்தியாவில் எத்தனை வாக்காளர்களுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும்?

ஆனால் அவர் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. பக்கத்துப் பழைய வீடு எந்த மழையில் இடியுமோ என்ற பயம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்தால் நுழைய வழி கிடையாது. 1772-ல் கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க வெட்டிய கிணறுகளால் பெயர் பெற்ற ஏழுகிணற்றில், பின்னாளில் மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த ஊர், கோட்டையிடம் தண்ணீர் கேட்டு நின்றது. 2019-ல் மெட்ரோ ரயில் மண்ணடிக்கு அடியில் வந்தது. அது பகலில் வருபவர்களுக்குப் பெரிய உதவி. இரவில் இருப்பவர்களின் வீட்டுக் கூரையை அது தாங்கிப் பிடிக்காது.

இதற்குத் தலைவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாநிலம் முழுவதையும் பார்க்க வேண்டியவர், தன் தொகுதியின் சாக்கடையை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? "பெரிய மனிதர் நம்ம எம்.எல்.ஏ." என்ற பெருமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத் துறைமுகம் கால் நூற்றாண்டு கொடுத்தது. இன்னொரு பக்கம் மக்களும் ஓட்டுப் போடத் தயங்குகிறார்கள். 2021-ல் மாநிலத்தில் 72 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பதிவானபோது, சென்னை மாவட்டத்தில் சுமார் 59 சதவீதம்தான். எடை அதிகமுள்ள ஓட்டையும் பீரோவில் பூட்டி வைத்தால் அதற்கு எடை ஏது?

890-ம் 410-ம் தலைவர்களின் கதையாகத்தான் இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. "நூலிழையில் தப்பினார்" என்று எழுதிவிட்டுப் பத்திரிகைகள் அடுத்த தொகுதிக்குப் போய்விட்டன. அந்த எண்களை மறுபக்கமிருந்து வாசிக்க வேண்டும். நான்கு தெருக்காரர்கள் ஒன்றாகக் கூடி, "எங்களுக்கு வடிகால் வேண்டும், இடியாத கூரை வேண்டும், யார் செய்வார்களோ அவர்களுக்கே எங்கள் ஓட்டு" என்று முடிவெடுத்திருந்தால், முதல்வர் நாற்காலியில் இருந்தவரும் நிதி அமைச்சரும் அந்த நான்கு தெருக்களுக்கு வந்து உட்கார்ந்து பேசியிருப்பார்கள். அந்த வலிமை அவர்கள் கையில் இருந்தது. கணக்கைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

புயல் வந்தால் கப்பல்கள் ஆழ்கடலுக்குப் போய்விடும். தலைவர்களும் அடுத்த தொகுதிக்குப் போய்விடுவார்கள். கரையில் வீடு கட்டியவர்களுக்குத்தான் போக வேறு இடம் இல்லை. துறைமுகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அவர்கள் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.